திண்டிவனத்து விலாசம்

கல்யாணம் ஆகவில்லை என்று சொன்ன அந்த மனிதரின் இடது கட்டைவிரல் நகத்தில் ரோஸ் கலர் நெயில் பாலிஷ் இருந்தது. நகத்தில் பாதி, சதையில் பாதி என்று ஈஷியிருந்தது. மூன்று நான்கு வயதுக் குழந்தை அப்பாவைப் பிடித்து உட்காரவைத்துப் பூசினால்தான் அப்படி வரும். எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், எனக்குத் தெரியாதா?

நான் திண்டிவனத்தில் காசநோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். டிபி என்றால் எல்லோருக்கும் புரியும். பேர் கலைப்பிரியா. ஆனால் பதினாறு வருஷமாக ஊருக்கு நான் டிபி மேடம். நோய் உறுதியானவர்களுக்கு மாத்திரை கொடுப்பது, ஒழுங்காகப் போடுகிறார்களா என்று பார்ப்பது, வீட்டுக்குப் போய் மற்றவர்களையும் சோதிப்பது, இதுதான் வேலை. கடைசியாகச் சொன்னது இருக்கிறதே, அதுதான் இதில் பெரிய வேலை. இருமுகிற ஆளோடு ஒரே அறையில் படுத்துத் தூங்குகிற சின்னக் குழந்தைக்கு இந்த நோய் சுலபமாகத் தொற்றும். தொற்றினால் நுரையீரலோடு நிற்காது, சில குழந்தைகளுக்கு மூளைக்கு ஏறிவிடும். ஏறாமல் தடுக்க மாத்திரை இருக்கிறது. ஆறு மாதம், தினம் ஒரு வேளை, இலவசம். வீட்டில் குழந்தை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தால் போதும், நானே கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு வருவேன்.

அந்த நெயில் பாலிஷைப் பூசிய குழந்தைக்கு அந்த மாத்திரை கடைசிவரை போய்ச் சேரவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். 

அவர் பேர் திருமுருகன், வயது முப்பத்தாறு. ஒரு காலத்தில் ஆள் வாட்டசாட்டமாக இருந்திருக்க வேண்டும். தோள் எலும்பு அத்தனை அகலம். அதன்மேல் சட்டை ஹேங்கரில் மாட்டியதுபோலத் தொங்கியது. போன வருஷம் தை மாதக் கடைசியில் வந்தார். மூன்று மாதமாக இருமல், சாயங்காலமானால் ஜுரம், நான்கு நாளாகச் சளியில் ரத்தம். பரிசோதனையில் நோய் உறுதியானதும் எதிரில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"இன்னா வேலை?"

"ரைஸ் மில்லுல மூட்ட தூக்கறேங்க."

"எந்த மில்லு?"

"கூப்புட்ட எடத்துக்குப் போவேங்க."

"வீடு?"

"இங்கதாங்க மேடம், திண்டிவனம். மேட்டுத் தெரு, பதினாலாம் நம்பரு."

"ஊட்ல யார்லாம்?"

"நான் மட்டுந்தாங்க. கல்யாணம் ஆவல."

அப்போதுதான் நகத்தைப் பார்த்தேன். "இது இன்னா?" என்றேன். கட்டைவிரலை மடக்கி மற்ற விரல்களுக்குள் மறைத்துக்கொண்டார். "மூட்டைக்கு நம்பர் போடற பெயின்ட்டுங்க" என்றார். ஜிகினா கலந்த ரோஸ் பெயின்ட்டில் எந்த மில்லில் நம்பர் போடுகிறார்கள்? கேட்டிருப்பேன். வெளியே இருபது பேர் இருமிக்கொண்டு நின்றார்கள். மாத்திரையைக் கொடுத்து, எப்படிப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஆஸ்பத்திரியில் மைக் செட் ரிப்பேரானால் உன்னைக் கூப்பிட்டு நிறுத்தினால் போதும் என்று என் வீட்டுக்காரரே கிண்டல் பண்ணுவார். இந்த வேலைக்கு அந்த வாய் வேண்டும் என்றுதான் நானும் இருந்தேன். நடுவில் மாத்திரையை நிறுத்துகிறவனை, குடித்துவிட்டு வருகிறவனை, "உடம்பு சரியாப்போச்சி மேடம்" என்று டிமிக்கி கொடுக்கிறவனை வாயால்தான் வழிக்குக் கொண்டுவந்தேன். எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு மண்டைக்கனமும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மேட்டுத் தெரு பதினாலாம் நம்பர் ஓர் உரக்கடையின் குடோனாக இருந்தது. போன் போட்டேன். "பதினாலு இல்லீங்க மேடம், நாப்பத்தி ஒண்ணு" என்றார். அந்தத் தெரு முப்பத்திரண்டோடு முடிந்துவிடுகிறது. அடுத்த மாதம் மாத்திரை வாங்க வந்தபோது எல்லோர் முன்னாலும் விளாசித் தள்ளினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். "ரூம் மாத்திட்டேங்க" என்று ஏரிப் பக்கம் ஒரு விலாசம் சொன்னார். போய்ப் பார்த்தால் அங்கே ஒரு தையல் கடை. தையல்காரருக்குத் திருமுருகன் என்ற பேரில் முருகனைத் தவிர வேறு யாரையும் தெரியவில்லை.

இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், ஆள் மாத்திரையை ஒரு நாள் கூடத் தவறவிடவில்லை. சொன்ன தேதியில் வந்து நிற்பார். எடை ஏறியிருந்தது. இரண்டாம் மாதச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. இப்படி ஒழுங்கான மனிதன் எதற்கு விலாசத்தில் மட்டும் பொய் சொல்கிறான்? அந்த நகத்தை நினைக்க நினைக்க எனக்குத் தூக்கம் கெட்டது. எங்கேயோ ஒரு குழந்தை இருக்கிறது, அதை நான் பார்த்தாக வேண்டும்.

சித்திரை மாதம் ஒரு திங்கட்கிழமை அவர் மாத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பியதும் நானும் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ்ஸில் ஏறினார். முந்தானையால் முக்காடு போட்டுக்கொண்டு நானும் ஏறி நான்கு சீட் பின்னால் உட்கார்ந்தேன். ஊரைத் தாண்டியதும் பையிலிருந்து சத்து மாத்திரை டப்பா ஒன்றை எடுத்தார். அட்டையிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகப் பிதுக்கி அதில் போட்டார். எல்லாம் முடிந்ததும் வெற்று அட்டைகளைக் கசக்கி ஜன்னல் வழியாக எறிந்தார். யாரிடமிருந்து இப்படி ஒளிக்கிறார் இந்த மனிதர்?

விழுப்புரத்தில் இறங்கி, ரயில்வே லைனைத் தாண்டி, அந்தப் பக்கத்துத் தாழ்வான பகுதிக்குப் போனார். மழை வந்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிற இடம். தெருவின் ஒரு பக்கம் முழுக்கத் திறந்த சாக்கடை. அதை ஒட்டி ஒரு சந்து, சந்துக்குள் எட்டு அறைகள் வரிசையாக. லைன் வீடு என்பார்கள். பத்துக்குப் பத்து அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, முன்னால் ஒரு கதவு. பின்சுவர் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டியிருப்பதால் ஜன்னல் வைக்க வழியில்லை. எட்டுக் குடும்பத்துக்கும் ஒரே குழாய், ஒரே கக்கூஸ். சாக்கடை நாற்றத்துக்கும் கொசுவுக்கும் பயந்து ஆறு மணிக்கெல்லாம் கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே ஒருவர் விடுகிற மூச்சைத்தான் விடிகிற வரைக்கும் மற்றவர்கள் இழுக்க வேண்டும். மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது, எக்ஸ்ரே இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு ஜன்னலை யார் கொடுப்பார்கள்? இப்படிப்பட்ட சந்து எத்தனையோ பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் எனக்கு ஒரு நோயாளி இருக்கிறார்.

திருமுருகன் தெருமுனைக் கடையில் பால் பாக்கெட் வாங்க நின்றார். அவர் வருவதற்குள் வீட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று நான் முந்திப் போனேன். வாசலில் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்த அம்மாளிடம் கேட்டேன். பேர் ஃபாத்திமா பீவி என்று பிறகு தெரிந்தது. நான்காவது கதவைக் காட்டினார்கள். அதன் முன்னால் ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு நின்றிருந்தாள். அவள்தான் பாஞ்சாலி.

"திருமுருகன் வீடு இதானே?"

"ஆமா. நீங்க?"

"திண்டிவனத்துலர்ந்து வர்றேன். அவுரப் பாக்கணும்."

குடத்தைக் கீழே வைத்தாள். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"ஓ. நீதானா அவ?"

"எவ?"

"மாசா மாசம் திண்டிவனம் திண்டிவனம்னு ஓடுறானே, உங்கிட்டதானா? தட்டு தனியா வச்சிக்கினான். டம்ளரு தனியா வச்சிக்கினான். மூணு மாசமா ஊட்டுக்குள்ள படுக்கறதில்ல, மில்லுலயே கெடக்கறான். பெத்த பொண்ணத் தூக்க மாட்டேன்றான். எவளோ இருக்கறாள்னு தெரியும். இவ்ளோ தைரியமா வாசலுக்கே வந்து நிப்பேன்னு நெனைக்கல."

எட்டுக் கதவும் திறந்துகொண்டது. "உடாத பாஞ்சாலி, புடிச்சி வையி" என்று ஒருத்தி குரல் கொடுத்தாள். பாஞ்சாலி என் முந்தானையைப் பிடித்தாள். வெயிலில் ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறேன், இரண்டு பொய் விலாசத்துக்கு அலைந்திருக்கிறேன், அதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் இது. கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"அடச்சீ, கையை எடு. உன் புருஷன் எனக்கு எதுக்குடி? அவனுக்கு டிபி. டிபி மாத்திர வாங்கத்தான் திண்டிவனம் வர்றான். போதுமா?" என்று கத்தினேன்.

என் குரலுக்குச் சந்தே அதிர்ந்திருக்கும். முந்தானையைப் பிடித்திருந்த கை கீழே விழுந்தது. ஃபாத்திமா பீவி இடியாப்ப அச்சை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு முதலாவது கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, அப்புறம் ஆறாவது, அப்புறம் ஒவ்வொன்றாக மற்றவை. சந்தின் முனையில் திருமுருகன் பால் பாக்கெட்டோடு நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

நோயாளியின் நோயை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அதை நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை கெட்டால் பரவாயில்லை, என் வாயால் கெட்டது இன்னொருத்தி குடும்பம்.

உள்ளே பாயில் குழந்தை படுத்திருந்தது. சங்கவி, நாலு வயது. கையில் மந்திரித்த கறுப்புக் கயிறு. வெளியே இத்தனை கூச்சலுக்கும் அது எழுந்து பார்க்கவில்லை. பத்து நாளாக ஜுரம் வந்து வந்து போகிறது, காலையில் வாந்தி, யார் தொட்டாலும் சிடுசிடுவென்று அழுகிறது என்று பாஞ்சாலி எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள். எதையோ பார்த்துப் பயந்துகொண்டது என்று ஃபாத்திமா பீவி பள்ளிவாசலுக்குத் தூக்கிப்போய் ஓதிக் கயிறு கட்டிவந்திருக்கிறார்கள். அந்த வாந்தி எனக்கு நல்லதாகப் படவில்லை.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கும்மா" என்றேன்.

"நீங்க மொதல்ல போங்க" என்றாள் பாஞ்சாலி. சொன்னது என்னிடம், முறைத்தது புருஷனை.

"வியாழக்கெழம நானே கூட்டியாந்துடறேன் மேடம். இன்னிக்கி உடுங்க" என்று திருமுருகன் கையெடுத்துக் கும்பிட்டார். விழுப்புரம் அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஒன்பது மணிக்கு நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் என்னோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வந்தார். வழியில்தான் வாய் திறந்து பேசினார்.

சொந்த ஊர் கெடார். இருந்த துண்டு நிலத்தை மூன்று அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு மாடு கட்டத்தான் இடம் மிஞ்சும் என்பதால், இருபத்திரண்டு வயதில் விழுப்புரத்துக்கு வந்து மில்லில் சேர்ந்தார். பதினான்கு வருஷமாக மூட்டை தூக்குகிறார். மில்லில் தவிட்டுத் தூசி புகைபோல நிற்கும், வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்வார்களாம். கல்யாணமாகி இந்த லைன் வீட்டுக்கு வந்து ஆறு வருஷம். இருமல் ஆரம்பித்தது ஐப்பசியில். அந்த மூன்று மாதமும் மழை. பகலிலும் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேரும் உள்ளேயே இருந்திருக்கிறார்கள். சங்கவிக்கு அப்பா நெஞ்சின் மேல் படுத்தால்தான் தூக்கம் வருமாம்.

"அப்பறம் ஏங்க பொய் சொன்னீங்க?" என்றேன். நான் யாரையும் அவ்வளவு மெதுவாகக் கேட்டதில்லை.

"ஆறாம் நம்பர்ல ஒரு பெயின்டர் இருந்தாருங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னால அவுருக்கு இந்தச் சீக்கு. உங்களமாரி ஒருத்தர் மாஸ்க் போட்டுக்கினு பைக்ல வந்து விசாரிச்சிட்டுப் போனாரு. ஒரு வாரத்துல காலி பண்ண வச்சிட்டாங்க. அப்பறம் இந்த ஏரியாலயே ரூமு கெடைக்கல. பொண்டாட்டி புள்ளையோட பஸ் ஸ்டாண்டுல கெடந்தாரு, நானே பாத்தேன். அதாங்க, யாருக்கும் தெரியாம திண்டிவனத்துல பாத்துக்கலாம்னு வந்தேன். தட்ட தனியா வச்சிக்கினேன். வெளிய படுத்துக்கினேன். பாப்பாவத் தூக்கறதில்ல. அது போதும்னு நெனச்சேங்க."

அது போதும் என்று நினைத்தார் பாவம். நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்னாலேயே மூன்று மாதம் அந்தக் குழந்தை அவர் மூச்சைக் குடித்தாகிவிட்டது. தெரிந்த அன்றைக்கே "ஒரு பொண்ணு இருக்குது" என்று சொல்லியிருந்தால் மறுநாளே மாத்திரை. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னேன்.

"நீங்க நல்லதுக்குத்தான மேடம் சொன்னீங்க" என்றார். திட்டியிருக்கலாம். நான்கு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். யாரும் வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். லைன் வீட்டுக்கு ஓடினேன். நான்காம் நம்பர் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். லைன் வீட்டுச் சொந்தக்காரர் அந்தோணிசாமி, ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

"எனக்கும் பாவமாத்தாங்க இருந்துச்சி. அட்வான்ஸ முழுசா குடுத்துட்டேன். மத்த ஏழு குடும்பமும் ஒண்ணா வந்து, அவங்க இருந்தா நாங்க போறோம்னு நின்னா நான் இன்னா பண்ணட்டும்? ரெண்டு நாளா அந்தப் பொண்ண கொழாய்லயே தண்ணி புடிக்க உடல."

"அவரால இனிமே யாருக்கும் ஒட்டாதுங்க. டெஸ்ட்லயே கிருமி இல்லைன்னு வந்துடுச்சி."

"நீங்க சொல்றீங்க, நான் நம்பறேன். அவங்க நம்பணுமே" என்றார்.

வந்ததோடு வந்தது, அந்த லைனிலிருக்கிற மற்றவர்களையாவது சோதிக்கலாம் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். ஃபாத்திமா பீவி மட்டும்தான் திறந்தார்கள். பாஞ்சாலி புருஷனிடம் சண்டை போட்டுக்கொண்டு குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டு ஒலக்கூர் பக்கம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று அவர்களிடமிருந்துதான் தெரிந்தது. "எந்த ஊருன்னு கேக்கலம்மா. அழுதுகினே போனா, எனக்கும் கேக்கத் தோணல" என்றார்கள்.

ஒலக்கூர் பக்கம் என்றால் எத்தனை கிராமம். எங்கள் ஆட்களை விட்டுத் தேடச் சொன்னேன். கேட்கிற இடத்தில் நோயின் பேரைச் சொல்லாதீர்கள் என்று பத்து தடவை சொன்னேன். பேரைச் சொல்லாமல் தேடினால் யார் கண்டுபிடித்துத் தருவார்கள்? விழுப்புரத்தில் ஒவ்வொரு மில்லாக நானே ஏறி இறங்கினேன். என்ன உறவு என்று கேட்டவர்களிடம் அக்கா முறை என்றேன். பத்தாவது நாள் ஒரு மில்லின் பின்பக்கம், சாக்குக் குவியலுக்குப் பக்கத்தில் திருமுருகன் உட்கார்ந்திருந்தார். அங்கேயேதான் குடியிருந்தார்.

"போன எடுக்க மாட்டேன்றா மேடம். நேர்ல போனேன், வாசல்லயே நிக்க வச்சிட்டா. நோயக் கொண்டாந்து கொழந்த பக்கத்துல படுக்க வச்சியேடா பாவின்றா" என்றார். பிறகு அந்தப் பெரிய உடம்பு குலுங்கி அழுதது. ஆண்பிள்ளை அழுவதைப் பார்க்காதவள் இல்லை நான். அன்றைக்குப் பார்க்க முடியவில்லை.

மத்தியானமே இரண்டு பேரும் அந்த ஊருக்குப் போனோம். முற்றத்தில் மல்லாட்டை, வேர்க்கடலைதான், காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே சங்கவி படுத்திருந்த நிலையைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கழுத்து பின்னால் விறைத்திருந்தது. ஒரு கண் மூக்குப் பக்கம் ஒதுங்கியிருந்தது. அப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டார். அது அவரைப் பார்க்கவில்லை.

"டாக்டர்கிட்ட காட்னியா?" என்றேன் பாஞ்சாலியிடம்.

"ரெண்டு எடத்துல காட்னேன். ஜுர மருந்து குடுத்தாங்க."

"அப்பாவுக்கு டிபி இருக்குதுன்னு சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினாள். எப்படிச் சொல்வாள்? அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் என்ன ஆகும் என்று நான் அவள் வாசலில் நின்று காட்டிவிட்டு வந்தவள் ஆயிற்றே. அவள் அம்மா வீட்டிலும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. டாக்டரிடம் சொல்லியிருந்தால் எந்த டாக்டரும் அப்போதே சந்தேகப்பட்டிருப்பார். அந்தப் பன்னிரண்டு நாளில் எந்த நாள் பிடித்திருந்தாலும் குழந்தையைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது.

ஆம்புலன்ஸில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனோம். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்களும் நர்சுகளும் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதினோரு நாள் கிடந்தாள். இரண்டாம் வாரம் ஒரு காலையில் பாஞ்சாலியின் மடியில் தலை இருக்கும்போதே மூச்சு நின்றது. நாலு வயதுக் குழந்தையின் உடம்பை ஒரு துண்டில் சுற்றினால் எவ்வளவு சின்னதாக இருக்கும் தெரியுமா? அதைத் திருமுருகன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் பெண்ணைத் தூக்கியது அன்றைக்குத்தான்.

அவர் மாத்திரையை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. ஆடி மாதம் வரைக்கும் சொன்ன தேதியில் வந்தார், வாங்கினார், போனார். கடைசிப் பரிசோதனையும் சுத்தமாக வந்தது. ரெஜிஸ்டரில் அவர் பேருக்கு நேராகக் குணமடைந்தார் என்று எழுதினேன். எழுதிவிட்டுக் கக்கூஸில் போய் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பாஞ்சாலி அதற்குள் அவரிடம் திரும்பி வந்திருந்தாள். மன்னித்துவிட்டாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அண்ணன் மனைவி ஆளும் வீட்டில் எத்தனை நாள்தான் இருப்பாள், போகிறதுக்கு வேறு இடம் இல்லை. ஆனால் இரண்டு பேருக்கும் விழுப்புரத்தில் ரூம் கிடைக்கவில்லை. முன்னால் எங்கே இருந்தீர்கள், ஏன் காலி பண்ணினீர்கள் என்று கேட்பார்கள். லைன் பேரைச் சொன்னால் விசாரிப்பார்கள், விசாரித்தால் முடிந்தது. ஒரு மாதம் மில்லில் சாக்குக்கு நடுவிலேயே புருஷனும் பெண்டாட்டியும் படுத்திருந்தார்கள். நுரையீரல் அப்போதுதான் ஆறியிருக்கிற மனிதர், திரும்பவும் அதே தவிட்டுத் தூசியில்.

ஆவணியில் ஒரு நாள் போன் பண்ணினார்.

"மேடம், ஒரு ஊடு பாத்துருக்கோம். தெரிஞ்சவங்க யார்னா ஒருத்தர் நம்பர் குடுன்னு கேட்டாங்க. எனக்கு யாரையும் தெரியல. உங்க நம்பர குடுத்துருக்கேன். ஆஸ்பத்திரின்னு சொல்லாதீங்க."

"நான் பாத்துக்கறேன், உடுங்க" என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலமே அந்த வீட்டுக்காரம்மா கூப்பிட்டார்கள். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். நான் யார் என்று கேட்டார்கள். தூரத்துச் சொந்தம் என்றேன். குடிப்பாரா, சண்டை போடுவார்களா, வாடகை ஒழுங்காக வருமா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் கேட்டார்கள்.

"ஒரு கொழந்த இருந்து செத்துப்போச்சாமே. இன்னா சீக்குங்க? நம்ம லைன்லயும் புள்ளைங்க இருக்குதுங்க, அதான் கேக்கறேன்."

பதினாறு வருஷமாக மறைக்காதே, மறைக்காதே என்று ஊர் ஊராகக் கத்தியவள் நான். நாக்கு ஒரு நொடி கூடத் தடுமாறவில்லை.

"சாதாரண ஜுரந்தாங்க. கிராமத்துல இருந்தாங்க, டாக்டர்கிட்ட காட்ட லேட்டாய்டுச்சி. வேற ஒண்ணும் இல்ல. தங்கமானவங்க, நம்பிக் குடுங்க" என்றேன்.

"சரிங்க. அப்ப வரச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்கள். சங்கவிக்கு என்ன வந்தது, அது எப்படி வந்தது என்பதை இனிமேல் அந்தத் தெருவில் யாரும் சொல்லப் போவதில்லை. நானும் சொல்லப் போவதில்லை. அந்த லைனில் இருக்கிற பிள்ளைகளுக்கு அவரால் ஒன்றும் வராது, அவர் குணமானவர். நான் சொன்ன பொய்யால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று எனக்கு நானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்துத் திருமுருகன் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் பாஞ்சாலி. குழந்தை போன பிறகு அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மேடம், ரூமுக்கு வந்துட்டோம்."

"நல்லதும்மா."

"ஊட்டுக்காரம்மா சொன்னாங்க. நீங்க ரொம்ப நல்லா பேசினீங்களாம், அதனாலதான் குடுத்தாங்களாம்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன், வைக்கவில்லை.

"அன்னிக்கி எங்க வாசல்ல வந்து நின்னீங்களே, இந்த மாரி ஒரு பொய்யி சொல்லிருக்கலாமே மேடம். சொந்தம்னு சொல்லிட்டு உள்ள வந்துருந்தா போதுமே. எம் பொண்ணு இருந்துருக்கும் இல்ல?"

"இருந்துருக்கும் பாஞ்சாலி" என்றேன்.